சவுத் பார்க் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?

டல்லாஸ் மாணவன்:

எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் எம்.எஸ். படிக்கிறேன். அபார்ட்மென்ட்டில் நாங்கள் நாலு பேர். சனிக்கிழமை ராத்திரி சமையல் முடிந்ததும் டிவியில் சவுத் பார்க் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் ஓடும்.

போன வாரம் ஓடியது 11-வது சீசனின் முதல் எபிசோட், 2007 மார்ச்சில் வந்தது. தொடரில் வரும் பள்ளிப் பையன் ஸ்டானின் அப்பா ராண்டி 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' என்ற டிவி வார்த்தைப் போட்டியில் நிற்கிறார். 'உங்களை எரிச்சல்படுத்துகிறவர்கள்' என்பது தலைப்பு. பலகையில் ஓர் எழுத்துதான் பாக்கி. நேரடி ஒளிபரப்பு, கடிகாரம் ஓடுகிறது. ராண்டி தயங்கித் தயங்கிக் கடைசியில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லிவிடுகிறார். சரியான விடை 'naggers', அதாவது 'நச்சரிப்பவர்கள்'; ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதன் பிறகு எபிசோட் முழுக்க அந்தச் சொல் வருகிறது, 'பீப்' எதுவும் இல்லாமல்.

அன்றைக்கு ப்ராஜெக்ட் வேலைக்காக என் வகுப்புத் தோழன் ஒருவன் வந்திருந்தான். ஜார்ஜியாக்காரன், கறுப்பினத்தவன். போட்டிக் காட்சியில் என் ரூம்மேட்கள் சோபாவை அடித்து அடித்துச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பிறகு ஸ்டான் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் காரணத்தோடு, வகுப்பில் உள்ள கறுப்பினப் பையன் டோக்கனிடம் போய் 'எனக்கு இப்போ புரிஞ்சிடுச்சு' என்று சொல்ல, டோக்கன் 'இல்லை, உனக்குப் புரியலை' என்று திருப்பி அனுப்பும் இடங்களில்தான் வாய்விட்டுச் சிரித்தான். அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து கிச்சனில் அந்த வார்த்தை சாதாரணமாகப் புழங்குகிறது. 'அந்த ஷோவே பொலிட்டிகல் கரெக்ட்னெஸுக்கு (யாரையும் புண்படுத்தாமல் பேசவேண்டும் என்பதற்கு) எதிரானதுதானே, எல்லாம் ஜோக்தான்' என்கிறார்கள். எனக்குக் கேட்கவே கூசுகிறது. ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை.

பல வருஷமாகப் பார்க்கிறவர்கள் சொல்லுங்கள். இந்தத் தொடர் கெட்ட வார்த்தை பேசுகிறவர்களைக் கேலி செய்கிறதா, பேசாதே என்கிறவர்களைக் கேலி செய்கிறதா?

---

பழைய கேபிள்காரர்:

தம்பி, இதெல்லாம் டிவியில் எப்படி வர முடிகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் ஆன்டெனா வழியாக வரும் சேனல்களுக்கும் ரேடியோவுக்கும் எஃப்சிசி என்ற அரசு ஆணையத்தின் கட்டுப்பாடு உண்டு. 1973-ல் நியூயார்க் ரேடியோ நிலையம் ஒன்று, ஒளிபரப்பில் சொல்லக்கூடாத வார்த்தைகளைப் பற்றி நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லின் பேசிய ஒலிப்பதிவைப் பட்டப்பகலில் ஒலிபரப்பியது. புகார் போனது. 1978-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கட்டுப்பாடு கேபிளுக்குப் பொருந்தாது. சவுத் பார்க் வரும் காமெடி சென்ட்ரல் கேபிள் சேனல். ஆகவே எதை விடுவது, எதில் பீப் போடுவது என்பது பெரும்பாலும் சேனலின் சொந்த முடிவு.

அந்த வசதியை, தொடரை உருவாக்கிய ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் முழுசாகப் பயன்படுத்திக்கொண்ட எபிசோட் 2001 ஜூனில் வந்தது. 1999-ல் 'சிகாகோ ஹோப்' என்ற ஆஸ்பத்திரித் தொடரில், ஆன்டெனா வழியே வரும் பெரிய சேனல் ஒன்றில், மலத்தைக் குறிக்கும் கெட்ட வார்த்தையை ஒரே ஒரு முறை சொன்னதற்கே பெரிய பேச்சாக இருந்தது. இவர்கள் அதே வார்த்தையை அரை மணி நேர எபிசோடில் 162 தடவை சொன்னார்கள். திரையின் மூலையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். கதையிலேயே ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் சொல்கிறவனுக்கே சலித்துவிடும்.

உங்கள் ரூம்மேட்கள் 2007 எபிசோடையும் அதே மாதிரி பார்த்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதில் அந்தச் சொல் 42 தடவை வருகிறது. மூலையில் எண்ணிக்கைப் பெட்டி கிடையாது, சொல் தேய்ந்துபோவதும் கிடையாது. 42-வது தடவையும் டோக்கனுக்கு முதல் தடவை மாதிரியேதான் படுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.

---

ஊன்றுகோல்:

எனக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே போலியோ. நடப்பது இரண்டு பக்கமும் கட்டை ஊன்றித்தான். விருதுநகரில் பள்ளிக்கூடம் படித்தபோது என்னை 'நொண்டி' என்று கூப்பிடாத பையன் கிடையாது. இப்போது ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். இங்கே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நான் லிஃப்ட் பக்கம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள், ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்வார், எல்லோரும் ஒரே மாதிரி புன்னகைப்பார்கள். கதவு மூடிய பிறகும் அந்தப் புன்னகை அப்படியே இருக்கும். என்னிடம் யாரும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதில்லை, ஆபீஸ் வம்பு சொல்வதில்லை. இரண்டுமே ஒரே ஒதுக்கல்தான் என்று எனக்குத் தோன்றும். இந்தத் தொடரை நான் விடாமல் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டுகிற வேறு நிகழ்ச்சியை நான் பார்த்ததில்லை.

அதில் ஜிம்மி என்று ஒரு பையன், 2001-ல் வந்து சேர்ந்தவன். கால் வராது, இரண்டு கையிலும் ஊன்றுகோல், பேச்சில் திக்கல். மேடையேறி ஜோக் சொல்வதுதான் அவனுக்கு உயிர். அவன் திக்கும்போது நாம் சிரிப்பதா வேண்டாமா என்று ஒரு நொடி தடுமாறுவோம். அதற்குள் ஜோக்கின் கடைசி வரியைப் போட்டுவிடுவான். நாம் சிரிப்பது அந்த வரிக்குத்தான். அந்த ஒரு நொடி எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நான் அறைக்குள் நுழையும்போதெல்லாம் எதிரே உள்ளவர்கள் முகத்தில் அதே நொடியைப் பார்த்துக்கொண்டுதான் வாழ்கிறேன்.

2004-ல் வந்த ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் எபிசோடைப் பாருங்கள். கார்ட்மன் என்ற வம்புக்காரப் பையன் பரிசுப் பணத்துக்கு ஆசைப்பட்டு மாற்றுத்திறனாளி மாதிரி நடித்துப் போட்டியில் சேர்கிறான். சுலபமாக ஜெயித்துவிடலாம் என்பது அவன் கணக்கு. ஓட்டத்திலிருந்து எல்லாவற்றிலும் தோற்றுக் கடைசியில் வருகிறான். விழுந்து விழுந்து சிரித்தேன். இன்னொரு பக்கம் ஜிம்மி ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்கிறான். வெறி தலைக்கேறிக் காதலியை அடிக்கிறான், பெற்ற தாயையும் அடிக்கிறான். பிறகு எல்லோர் முன்னாலும் உண்மையை ஒப்புக்கொள்கிறான். மாற்றுத்திறனாளியை ஏமாற்றுக்காரனாகக் காட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் காட்டவேண்டும் என்பேன். நம் சினிமாவில் என்னைப் போன்றவன் வந்தால் ஒன்று தெய்வப் பிறவி, இல்லையென்றால் சிரிப்புக்கு விழுந்து எழுபவன். பொறாமைப்படவும், பொய் சொல்லவும், தப்பு செய்துவிட்டு வெட்கப்படவும் ஒரு கட்டைக்காரனுக்கு இடம் கொடுத்தது இந்தக் கார்ட்டூன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன் தம்பி.

2015-ல், 19-வது சீசனில், பள்ளிக்கு 'பிசி பிரின்சிபல்' என்று ஒருவர் வருகிறார் ('பிசி' என்றால் பொலிட்டிகல் கரெக்ட்னெஸ்). கறுப்புக் கண்ணாடி, உருண்டு திரண்ட புஜம், யாரைப் பார்த்தாலும் உறுமல். திருநங்கையாக மாறிய முன்னாள் ஒலிம்பிக் வீரர் கெய்ட்லின் ஜென்னரை ஹீரோ என்று தனக்குத் தோன்றவில்லை என்று சொன்ன கைல் என்ற பையனுக்கு இரண்டு வாரம் தண்டனை. கார்ட்மன் பேச்சுவாக்கில் ஒரு பொதுச்சொல்லை ஆண்பாலில் சொல்லிவிட்டதற்கு, கழிவறையில் வைத்து ரத்தம் வர அடிக்கிறார். பலரும் இதை மட்டும் எடுத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, நாகரிகமாகப் பேசச் சொல்கிறவர்களைக் கிழித்துவிட்டார்கள்' என்கிறார்கள். அந்த ஆளிடம் எனக்குத் தெரிவது, தன்னைவிடப் பலம் குறைந்தவனை மூலையில் தள்ளி அடிக்கிற பழைய பள்ளிக்கூட முரடன். கையில் பிடித்திருக்கும் காரணம்தான் புதுசு.

அதே சீசனில், நவம்பரில் வந்த எட்டாவது எபிசோட் என் நெஞ்சுக்கு நெருக்கமானது. ஜிம்மிதான் பள்ளிப் பத்திரிகையின் ஆசிரியர். மனவளர்ச்சி குன்றியவர்களைக் கேவலமாகச் சொல்லும் ஒரு வார்த்தை அதில் வந்துவிடுகிறது. பிசி பிரின்சிபலுக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. இனி ஒவ்வொரு இதழையும் தன்னிடம் காட்டிய பிறகுதான் வெளியிட வேண்டும் என்கிறார். ஜிம்மி முடியாது என்கிறான். எதிரே நிற்பது கார்ட்மன் என்றால் அடித்திருப்பார். ஊன்றுகோலோடு நிற்கும் பையனை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. யாருக்காகக் கோபப்படுகிறாரோ அவனே எதிரில் நின்று 'உங்கள் அனுமதி எனக்கு வேண்டாம்' என்கிறான். ஜிம்மி பத்திரிகையைத் தானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறான், விளம்பரமே இல்லாமல்.

இந்தத் தொடர் நன்றாக இருக்கும்போதெல்லாம் கேட்பது ஒன்றைத்தான்: அடிபட்டவனை யாராவது கேட்டார்களா? ராண்டி மன்னிப்புக் கேட்க, கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனிடம் ஓடுகிறார். அதோடு எல்லாம் தீர்ந்தது என்று ஸ்டான் வந்து டோக்கனிடம் சொல்கிறான். 'ஜெஸ்ஸி ஜாக்சன் என்ன, எங்கள் எல்லோருக்கும் ராஜாவா' என்பதுதான் டோக்கனின் பதில். பிறகு ராண்டியைப் பார்க்கிறவர்களெல்லாம் 'அந்த வார்த்தை சொன்ன ஆள்' என்று கூப்பிட ஆரம்பிக்கிறார்கள். அவர் மனம் புண்படுகிறது என்று நாடாளுமன்றத்தில் சட்டமே வருகிறது. அத்தனை வருஷம் டோக்கனின் ஆட்களைச் சொன்னபோது வராத சட்டம், ஒரு வெள்ளைக்காரருக்குப் பட்டப்பெயர் வந்ததும் வந்துவிடுகிறது. இந்த எபிசோடின் கூர்மையே அங்கேதான் இருக்கிறது, உங்கள் ரூம்மேட்கள் அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஸ்டான் 'எனக்குப் புரியவில்லை, ஒருபோதும் முழுசாகப் புரியாது' என்று ஒத்துக்கொள்கிறான். அப்போதுதான் டோக்கன் முகம் மலர்கிறது.

தொடர் சறுக்கிய இடமும் உண்டு. 2009 நவம்பரில் ஓரினச்சேர்க்கையாளர்களை இழிக்கும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதைச் சத்தம் போட்டுத் திரியும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கான வசவாக மாற்றிவிடலாம் என்று பையன்கள் கிளம்புகிறார்கள். ஊரில் உள்ள ஓரினச்சேர்க்கையாளர்களும் சரி என்று ஒப்புக்கொள்வதாகக் கதை போகிறது. அந்தச் சம்மதத்தை எழுதியவர்களும் பார்க்கரும் ஸ்டோனும்தானே? ஓரினச்சேர்க்கையாளர் உரிமைக்காகப் பேசும் கிளாட் அமைப்பு கண்டித்தது, எனக்கு அது நியாயமாகவே பட்டது. தெருவில் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே அடி வாங்கியவன் இன்னும் உயிரோடு இருக்கிறான். அவனுக்கு அர்த்தம் மாறவில்லை. இத்தனைக்கும் இதே ஆட்கள்தான் 1997-ல், முதல் சீசனிலேயே, ஸ்டானின் ஓரினச்சேர்க்கை நாயை வைத்து அவ்வளவு அன்பான ஓர் எபிசோட் எடுத்தார்கள். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம்.

ரூம்மேட்களிடம் நேராகவே சொல்லுங்கள். ஷோ அவர்களுக்கு எந்த லைசென்ஸும் கொடுக்கவில்லை. அந்த எபிசோடில் அவர்கள் ஸ்டான்கூட இல்லை, ராண்டி.

---

ஸ்காபரோ அக்கா:

ஊன்றுகோல் அண்ணை, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். ஜிம்மியைப் பற்றி நீங்கள் சொல்லுறதுக்கு மேல எனக்கு ஒண்டும் சொல்ல இல்லை. ஆனா நான் இங்க ஒரு பள்ளிக்கூடத்தில விசேட தேவையுள்ள பிள்ளையளுக்கு உதவியாளரா வேலை செய்யிறன். என்ர பக்கத்தில இருந்து பார்த்தா வேற மாதிரித் தெரியுது.

2005 நவம்பரில 'ஜிஞ்சர் கிட்ஸ்' எண்டு ஒரு எபிசோட் வந்தது. செம்பட்டைத் தலைமயிரும் முகத்தில புள்ளியும் உள்ள பிள்ளையளுக்கு ஆன்மாவே இல்லை எண்டு கார்ட்மன் வகுப்பில பேசுவான். மற்றப் பெடியள் அவன் நித்திரையில கிடக்கேக்க தலைக்குச் சாயம் பூசி, முகத்தில புள்ளி வைச்சு விடுவினம். வெறுப்புப் பேசினவனுக்கு அதே வெறுப்புத் திரும்பி வந்தா எப்பிடி இருக்கும் எண்டதுதான் கதை. நல்ல கதைதான், நான் மறுக்கேல்லை.

பிறகு நடந்ததைக் கேளுங்கோ. 2008 நவம்பரில வான்கூவர் தீவில இருந்த 14 வயசுப் பெடியன் ஒருத்தன் பேஸ்புக்கில 'செம்பட்டைத் தலையை உதைக்கிற நாள்' எண்டு ஒரு குழு தொடங்கினான். கனடாவில பல இடங்களில பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளையள் உதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததுகள். பொலிஸ் விசாரணை வரைக்கும் போனது. அந்தப் பெடியளுக்குக் கதையின்ர இரண்டாம் பாதி ஞாபகத்தில நிக்கேல்லை, கார்ட்மன்ர பேச்சுத்தான் நிண்டது.

எங்கட பள்ளிக்கூடத்திலயும் சக்கர நாற்காலியில வாற ஒரு மகள் இருக்கிறா. பேச்சு வராது, ஆனா எல்லாம் விளங்கும். வளந்த பெடியள் சிலர் அவவைக் கண்டால் தொடரில சக்கர நாற்காலியில வாற, தன்ர பேரையே திருப்பித் திருப்பிச் சொல்லுற டிம்மியின்ர குரலில 'டிம்மி!' எண்டு கத்துவினம். அவ என்ர கையை இறுக்கிப் பிடிப்பா. நகம் பதியும். அந்தக் கையோட நிண்டுகொண்டு, இது நுட்பமான நையாண்டி எண்டு எனக்குச் சொல்ல வருகுதில்லை.

---

ஊன்றுகோல்:

தங்கச்சி, அந்தப் பையன்கள் செய்ததில் தொடருக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெரியவர்களுக்கு மட்டும் என்ற டிவி-எம்ஏ முத்திரை, இரவு பத்து மணிக்கு ஒளிபரப்பு எல்லாம் கேபிள் காலத்துக் காவல். இப்போது எட்டு வயசுப் பிள்ளையின் போனிலும் கார்ட்மன் முப்பது நொடித் துண்டுகளாக வருகிறான். கதையின் இரண்டாம் பாதியை வெட்டிவிட்டுத்தான் வருகிறான்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல ஆசை. டிம்மியை முதலில் பெரிதாகக் காட்டிய 2000-ஆம் வருஷத்து எபிசோடில் அவன் ஒரு ராக் குழுவுக்குப் பாடகனாகிறான். பெரியவர்கள் கூடி, 'பாவம், ஜனங்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நிறுத்துங்கள்' என்கிறார்கள்.  டிம்மிக்குப் பாடவேண்டும் என்பதை யாரும் கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்காக பிபிசி நடத்திய இணையதளம் ஒன்றில் டிவியின் சிறந்த மாற்றுத்திறனாளிப் பாத்திரம் எது என்று வாக்கெடுப்பு வைத்தபோது டிம்மிதான் முதலில் வந்தான். அந்த மகளுக்கு விவரம் தெரியும் என்கிறீர்கள். அவளுக்கு வயசு வந்ததும் இந்த எபிசோடைக் காட்டலாமா என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். கத்துகிற பையன்களைப் பொறுத்தவரை, பள்ளி நிர்வாகம் அவர்களைக் கண்டிக்கவேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. விருதுநகரில் எனக்காக ஒரு வாத்தியார் அப்படி ஒரு தடவை கண்டித்திருந்தால் நான் எட்டாம் வகுப்பில் பாதி நாள் லீவு போட்டிருக்க மாட்டேன்.

---

ஸ்காபரோ அக்கா:

கேக்கிறன் அண்ணை. அவவின்ர தாயிட்டயும் கதைக்கிறன். நிர்வாகத்துக்கு எழுத்தில குடுத்திட்டன்.

---

டல்லாஸ் மாணவன்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். நேற்று ரூம்மேட்களிடம் பேசினேன். இந்த வீட்டுக்குள் அந்த வார்த்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒருத்தன் முறைத்துக்கொண்டு போய்விட்டான். மற்ற இருவரும் சரி என்றார்கள், அதில் ஒருத்தன் ஊன்றுகோல் அண்ணா எழுதியதை முழுசாகப் படித்துவிட்டு 2015 சீசனைப் போடச் சொன்னான். முதலிலிருந்தே பார்க்கவேண்டுமா, நடுவில் எடுக்கலாமா?

---

பழைய கேபிள்காரர்:

19-வது சீசனை மட்டும் முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பாருங்கள். பத்து எபிசோட்தான், ஒன்றோடொன்று தொடரும் கதை. மற்ற சீசன்களில் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். முகம்மது நபி சம்பந்தப்பட்ட ஐந்து எபிசோட்கள் (2001-ல் ஒன்று, 2006-ல் இரண்டு, 2010-ல் இரண்டு) அங்கே ஸ்ட்ரீமிங்கில் கிடைக்காது, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 19 முடிந்ததும் 2025 ஜூலையில் வந்த 27-வது சீசனின் முதல் எபிசோடைப் போடுங்கள். நாட்டில் காற்று மாறியதும் பிசி பிரின்சிபலும் மாறியிருக்கிறார். அவர் பெயரில் உள்ள 'பிசி'க்கு இப்போது 'பவர் கிறிஸ்டியன்' என்று விரிவு சொல்கிறார். அதே புஜம், அதே உறுமல். ஊன்றுகோல் சார் சொன்ன பள்ளிக்கூட முரடன் காரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டு நிற்பது அங்கே இன்னும் தெளிவாகத் தெரியும்.